சுற்றுலா விசாவில் வந்தவர் மேடை ஏறலாமா? வெளிநாட்டு விருந்தினரை அழைக்கும் ஜமாஅத்களும் மதரஸாக்களும் அறிய வேண்டியவை



புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர்களுக்கு விசா என்பது புதிய சொல் அல்ல. கட்டுமாவடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், கோபாலப்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் வளைகுடாவிலோ மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்தவர், இருப்பவர் பலர். "விசிட் விசாவில் போய் வேலை செய்யாதே, மாட்டினால் சிறை, அபராதம், நாடு திரும்ப முடியாத தடை" என்று ஊரில் பெரியவர்கள் சொல்லாத நாள் இல்லை. அடுத்த நாட்டின் சட்டம் என்று வரும்போது நாம் இத்தனை கவனமாக இருக்கிறோம்.

ஆனால் அடுத்த நாட்டிலிருந்து ஒருவர் நம் ஊருக்கு வரும்போது அதே கவனம் இருக்கிறதா?

ஒரு உதாரணம். மலேசியக் குடியுரிமை பெற்ற உறவினர் ஒருவர் மருமகளின் நிக்காஹ்வுக்காக மின் சுற்றுலா விசாவில் திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார். அவர் அங்கே நல்ல பேச்சாளர், ஆலிம். "ஹஜ்ரத் ஊருக்கு வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் பத்து நிமிடம் பயான் செய்யட்டுமே" என்று நிர்வாகிகள் ஆசைப்படுகிறார்கள். மறுநாள் நோட்டீஸ் அடிக்கப்படுகிறது. வாட்ஸ்அப் குழுக்களில் அவருடைய புகைப்படம் சுற்றுகிறது. அழைத்தவர்களுக்கும் பேசியவருக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் அவருடைய விசா நிபந்தனை அங்கே மீறப்பட்டுவிட்டது.

கல்வி, கலாச்சாரம், மார்க்கம் ஆகிய நோக்கங்களுக்காக நம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டவருக்கு எந்த விசா பொருந்தும், அவர்களை அழைப்பவருக்கும் தங்க வைப்பவருக்கும் என்ன பொறுப்பு என்பதை இந்தக் கட்டுரை எளிமையாக விளக்குகிறது.

2020 சொல்லிக் கொடுத்த பாடம்

இந்த விஷயம் வெறும் காகித விவகாரம் அல்ல என்பதை 2020ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அந்த மார்ச் மாதத்தில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரம் பெரிதானபோது, தப்லீக் பணிக்காக வந்து பல மாநிலங்களில் தங்கியிருந்த வெளிநாட்டவர் மீது வழக்குகள் பாய்ந்தன. ஏப்ரல் 2ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம் 960 வெளிநாட்டவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்து, அவர்களின் சுற்றுலா விசாக்களை ரத்து செய்தது. காரணமாகச் சொல்லப்பட்டது, சுற்றுலா விசாவில் வந்து தப்லீக் பணியில் ஈடுபட்டார்கள் என்பதே.

தமிழகத்தில் ஈரோடு, சேலம் உள்ளிட்ட இடங்களில் தங்கியிருந்த தாய்லாந்து, இந்தோனேசிய நாட்டவரும் கைதானார்கள். பங்களாதேஷ் நாட்டவரும் இருந்தார்கள். மொழி தெரியாத ஊரில், குடும்பத்தைப் பிரிந்து, நோய்ப் பயம் சூழ்ந்த நேரத்தில் அவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்த ஆண்டு ரமலானும் பெருநாளும் அவர்களுக்குக் காவலிலேயே கழிந்தன.

31 வெளிநாட்டவர் தொடர்பான மனுக்கள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தன. நமது புதுக்கோட்டை மாவட்டமும் இந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் 2020 ஜூன் 12 அன்று உத்தரவு வழங்கினார். மார்க்கப் பற்றால் வந்தவர்கள் இவர்கள், இப்போது தங்கள் குடும்பத்திடம் திரும்பவே ஏங்குகிறார்கள், 70 நாட்களுக்கும் மேலாகச் சிறையில் இருந்ததே போதுமானது என்ற கருணையான பார்வை அந்த உத்தரவில் இருந்தது. அதே நேரத்தில், விசா நிபந்தனை மீறப்பட்டது என்பதை நீதிமன்றம் ஒதுக்கிவிடவில்லை. மீறலுக்கு வருத்தம் தெரிவித்து அவர்கள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வதன் அடிப்படையிலேயே வழக்கை முடிக்கும் வழி திறந்தது.

இரண்டு மாதம் கழித்து, 2020 ஆகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதான முதல் தகவல் அறிக்கைகளை ரத்து செய்தது. பள்ளிவாசலுக்குச் செல்வதும், அங்கே நடக்கும் மார்க்க உரைகளைக் கேட்பதும் சுற்றுலா விசாவில் வந்தவருக்குத் தடை செய்யப்பட்டவை அல்ல என்பதை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தொற்றுநோய்க் காலத்தில் பலிகடா தேடப்பட்டிருக்கிறது என்றும் கடுமையாகக் கண்டித்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று டெல்லி நீதிமன்றம் ஒன்று, அபராதம் கட்டி முடித்துக்கொள்ளாமல் வழக்கை எதிர்கொண்ட 36 வெளிநாட்டவரை விடுதலை செய்தது.

தீர்ப்புகள் ஆறுதல் தந்தன. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. விருந்தினரின் அந்த மாதங்களைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. ஆகவே வழக்கு வந்த பிறகு வாதாடுவதைவிட, வழக்குக்கு இடமே தராமல் அழைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

கேட்பது வேறு, பேசுவது வேறு

மத்திய அரசின் விசா வழிகாட்டு விதிகளில் இந்தக் கோடு தெளிவாகப் போடப்பட்டிருக்கிறது. எந்த வகை விசாவில் வந்த வெளிநாட்டவரும் வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்லலாம். தொழலாம். பயான் நடந்தால் உட்கார்ந்து கேட்கலாம். இவை வழக்கமான மார்க்கச் செயல்கள். இவற்றுக்குத் தடை இல்லை.

ஆனால் மார்க்கக் கொள்கைகளைப் பிரச்சாரம் செய்வது, வழிபாட்டுத் தலத்தில் உரை நிகழ்த்துவது, மார்க்கப் பிரசுரங்களையோ ஒலி, ஒளிப் பதிவுகளையோ விநியோகிப்பது ஆகியவை அனுமதிக்கப்படவில்லை. தப்லீக் பணியும் பெயர் குறிப்பிட்டே விலக்கப்பட்டிருக்கிறது.

ஆக, காட்டுபாவா பள்ளிவாசலுக்கு ஜியாரத்துக்கு வரும் இலங்கைக் குடும்பத்துக்கும், சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வழியில் பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டுப் போகும் இந்தோனேசியப் பயணிக்கும் எந்தச் சிக்கலும் இல்லை. நாற்காலியில் அமர்ந்து கேட்பவர் எழுந்து மைக்கைப் பிடிக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

எந்த நோக்கத்துக்கு எந்த விசா?

சுற்றுலா விசா: உறவினரைப் பார்க்க, திருமணத்தில் கலந்துகொள்ள, ஊர் சுற்றிப் பார்க்க இது போதும். மின் சுற்றுலா விசா 30 நாள், 1 ஆண்டு, 5 ஆண்டு என மூன்று வகையில் கிடைக்கிறது. திருச்சி விமான நிலையம் வழியாகவும் மின் விசாவில் நுழையலாம். 5 ஆண்டு விசா என்றால் 5 ஆண்டும் இங்கேயே இருக்கலாம் என்று பொருள் அல்ல. ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 180 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. யோகா, உள்ளூர் மொழி, இசை, சமையல், கைவினை போன்ற குறுகிய காலப் பயிற்சியை 6 மாதத்துக்கு மிகாமல் இந்த விசாவிலேயே பெறலாம். ஆனால் அது சான்றிதழோ பட்டயமோ தரும் முறையான படிப்பாக இருக்கக் கூடாது. ஊதியம் இல்லாத தன்னார்வப் பணி ஒரு மாதம் வரை செய்யலாம். சம்பளம் வாங்கும் எந்த வேலையும் செய்யக் கூடாது.

மாணவர் விசா: கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ முழுநேரம் படிக்க வருபவர்களுக்கு. சேர்க்கைக் கடிதமும், படிப்புச் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் வழி இருக்கிறது என்பதற்கான ஆதாரமும் வேண்டும். கல்வி அமைச்சகத்தின் 'ஸ்டடி இன் இந்தியா' இணையதளம் வழியாகச் சேர்க்கை பெறுபவர்களுக்கு மின் மாணவர் விசாவும் இப்போது இருக்கிறது. மார்க்கக் கல்வி பயில வருபவரும் படிக்கத்தான் வருகிறார். "சுற்றுலா விசாவில் வரட்டும், மதரஸாவில் சேர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்ற யோசனை வேண்டவே வேண்டாம். சுற்றுலா விசாவைப் பொதுவாக நீட்டிக்கவும் முடியாது, வேறு விசாவாக மாற்றவும் முடியாது.

மாநாட்டு விசா: சர்வதேசக் கருத்தரங்கு, பயிலரங்கு, ஆய்வரங்கு ஆகியவற்றில் கலந்துகொள்ள வருபவர்களுக்கு. இங்கே பொறுப்பு நடத்துபவரிடமிருந்தே தொடங்குகிறது. தனியார் அமைப்போ கல்லூரியோ வெளிநாட்டவரை அழைத்து மாநாடு நடத்தினால் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியும் உள்துறை அமைச்சகத்தின் அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும். அந்த அனுமதியும் அழைப்புக் கடிதமும் இருந்தால்தான் விருந்தினர் விண்ணப்பிக்க முடியும்.

ஆய்வு விசா: பழைய கையெழுத்துப் பிரதிகள், அரபுத் தமிழ் ஏடுகள், கல்வெட்டுகள், ஊர் வரலாறு என்று ஆய்வு செய்ய வருபவர்களுக்குத் தனி விசா உண்டு. நம் வீட்டுப் பரணில் இருக்கும் ஏட்டைப் பார்த்து முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய ஒருவர் வருகிறார் என்றால் அவர் சுற்றுலாப் பயணி அல்ல.

மிஷனரி விசா: மார்க்கப் பணிக்கென்றே வருபவர்களுக்குத் தனி வகை இருக்கிறது. இது மின் விசாவாகக் கிடைப்பதில்லை. சம்பந்தப்பட்ட நாட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பித்து, அங்கிருந்து பரிசீலனைக்குப் பிறகே கிடைக்கும். மதரஸா பட்டமளிப்பு விழாவில் பேச இலங்கையிலிருந்து ஒரு ஆலிமை அழைக்க விரும்பினால், தேதி குறிப்பதற்கு முன் கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவதே பாதுகாப்பு. "போன வருஷம் ஒருத்தர் வந்து பேசினாரே, ஒன்றும் ஆகவில்லையே" என்பது அனுமதி ஆகாது.

பாகிஸ்தான் தொடர்புடையவர்கள்: பாகிஸ்தான் கடவுச்சீட்டு வைத்திருப்பவரும் பாகிஸ்தான் பூர்வீகம் கொண்டவரும் மின் விசா பெற முடியாது. இப்போது இங்கிலாந்துக் குடியுரிமை பெற்றிருந்தாலும், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ பாகிஸ்தானியராக இருந்தால் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் திருமண உறவு வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓசிஐ அட்டை இருந்தால் எல்லாம் செய்யலாமா?

நம் பகுதியில் அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம் இதுதான். மலேசியா, சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற நம் சொந்தங்கள் பலர் ஓசிஐ எனப்படும் இந்திய வம்சாவளி அட்டை வைத்திருக்கிறார்கள். வாழ்நாள் முழுதும் விசா இல்லாமல் வந்து போகலாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் தங்கலாம், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதியத் தேவையில்லை. அதனால் "நான் இந்த ஊர்க்காரன்தானே, எனக்கு என்ன தடை?" என்று நினைப்பது இயல்பு.

ஆனால் 2021 மார்ச் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி ஆய்வு, மிஷனரிப் பணி, தப்லீக், மலையேற்றம், பத்திரிகைப் பணி ஆகியவற்றுக்கு ஓசிஐ அட்டைதாரரும் சிறப்பு அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியை வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்திடமோ இந்தியத் தூதரகத்திடமோ பெறலாம். பிறந்த ஊர்ப் பள்ளிவாசலாகவே இருந்தாலும், குடியுரிமை மாறிய பின் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவரே. மீறினால் அட்டையே ரத்தாகும் ஆபத்து இருக்கிறது. அட்டை போனால் தாய் தந்தையைப் பார்க்க வருவதே சிக்கலாகிவிடும்.

தங்க வைப்பவரின் கடமை

விசா சரியாக இருந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. வெளிநாட்டவரைத் தங்க வைப்பவருக்கும் சட்டக் கடமை உண்டு.

மக்கள் வழக்கில் 'சி ஃபார்ம்' என்று சொல்லப்படும் தகவல் படிவத்தை, விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். இது லாட்ஜ்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விருந்தினர் விடுதி, கல்வி நிறுவனம், மருத்துவமனை, தனி வீடு என்று வெளிநாட்டவர் தங்கும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். பள்ளிவாசலின் மாடி அறையும் மதரஸா விடுதியும் இதில் அடங்கும். கடவுச்சீட்டு, விசா நகல்கள், புகைப்படம் இருந்தால் படிவத்தை நிரப்புவது சிறிது நேர வேலை. இணையத்தில் பதியத் தெரியாதவர்கள் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி வழி கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பதிவு. 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவர் விசா, ஆய்வு விசா போன்றவற்றில் வருபவர்கள் வந்த 14 நாட்களுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். பாகிஸ்தான் நாட்டவருக்கு இந்தக் கால அவகாசம் 24 மணி நேரம்தான். மண்டலப் பதிவு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளரே வெளிநாட்டவர் பதிவு அதிகாரி. இப்போது பெரும்பாலான சேவைகள் இ-எஃப்ஆர்ஆர்ஓ இணையதளம் வழியாகவே நடப்பதால் சென்னைக்கு அலைய வேண்டிய தேவை குறைந்திருக்கிறது.

புதிய சட்டம் என்ன சொல்கிறது?

2025 செப்டம்பர் 1 முதல் 'குடிநுழைவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025' நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கடவுச்சீட்டு நுழைவுச் சட்டம், 1939ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம், 2000ஆம் ஆண்டின் பயணிகளை ஏற்றி வரும் நிறுவனங்களின் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கும் நீக்கப்பட்டு, ஒரே சட்டமாக்கப்பட்டிருக்கின்றன.

தண்டனைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. விசாக் காலம் முடிந்தும் தங்கினாலோ விசா நிபந்தனையை மீறினாலோ 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிய கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். போலி ஆவணம் என்றால் 2 முதல் 7 ஆண்டு சிறை. அபராதம் 1 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை. தங்குமிடம் தருபவர்கள், கல்வி நிறுவனங்கள், மருத்துவமனைகள் ஆகியோர் வெளிநாட்டவர் குறித்துத் தகவல் தர வேண்டிய கடமையும் இந்தச் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. முன்பு "தெரியாமல் செய்துவிட்டோம்" என்று சொல்லித் தப்பியவர்கள் இனியும் அதை நம்பி இருக்க முடியாது.

உறவுகள் அறுபடக் கூடாது

இதையெல்லாம் படித்துவிட்டு "நமக்கு எதற்கு வம்பு, வெளிநாட்டவரை அழைக்கவே வேண்டாம்" என்ற முடிவுக்கு வருவது தவறு. நம் சமூகத்தின் கல்வி வரலாறே கடல் கடந்த போக்குவரத்தில் வளர்ந்தது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஓதுவதற்காக இலங்கையிலிருந்தும் மலாயாவிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். இங்கே ஓதிய ஆலிம்கள் அங்கே போய்ப் பணியாற்றினார்கள். சுதந்திர இந்தியாவில் வெளிநாட்டு மாணவர்களையும் கலைஞர்களையும் அறிஞர்களையும் வரவேற்பதற்கென்றே 1950இல் இந்திய கலாச்சார உறவுகள் மன்றத்தை நிறுவியவர், நாட்டின் முதல் கல்வி அமைச்சர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். அந்த மன்றம் இன்றும் பல நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தந்து இங்கே படிக்க வைக்கிறது. அவர்கள் மாணவர் விசாவில் வந்து படிக்கிறார்கள். வெளிநாட்டவர் வருவதற்கு இந்த நாட்டில் கதவு இருக்கிறது. எந்தக் கதவு வழியாக வருவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

ஜமாஅத், மதரஸா நிர்வாகிகள் அழைப்பதற்கு முன் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

1. வருபவர் இங்கே என்ன செய்யப் போகிறார்? கேட்பாரா, பேசுவாரா, படிப்பாரா, ஆய்வு செய்வாரா?

2. அவர் கையில் இருக்கும் விசா அந்தச் செயலுக்கு உரியதா? ஓசிஐ அட்டை என்றால் சிறப்பு அனுமதி இருக்கிறதா?

3. அழைப்புக் கடிதத்தில் எழுதியதும் நிகழ்ச்சி நோட்டீஸில் அச்சிட்டதும் விசா விண்ணப்பத்தில் சொன்ன நோக்கமும் ஒன்றாக இருக்கின்றனவா?

4. எங்கே தங்குகிறார்? 24 மணி நேரத்துக்குள் தகவல் பதிவது யார் பொறுப்பு? நிர்வாகத்தில் ஒருவரை இதற்கென நியமித்துவிட்டீர்களா?

5. கடவுச்சீட்டு, விசா நகல்களும், பதிவு செய்ததற்கான ஒப்புகையும் ஒரு கோப்பில் இருக்கின்றனவா?

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது அரசு இணையதளத்தை மட்டுமே பயன்படுத்தச் சொல்லுங்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிய வேண்டும். அதே தோற்றத்தில் போலித் தளங்கள் பல இருக்கின்றன. ஏஜெண்டிடம் கொடுத்தாலும் படிவத்தில் வருகையின் நோக்கம் என்ற இடத்தில் அவர் என்ன நிரப்பினார் என்பதை விருந்தினர் தாமே படித்துப் பார்க்க வேண்டும். கையொப்பம் அவருடையது, பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. விதிகளும் கட்டணங்களும் அவ்வப்போது மாறுவதால், பயணத்துக்கு முன் தூதரகத்தின் அன்றைய அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுவது அவசியம்.

முதலில் சொன்ன மலேசிய மாமாவிடம் திரும்புவோம். அவர் நிக்காஹ்வில் கலந்துகொள்ளலாம், துஆவுக்குக் கை ஏந்தலாம், ஜும்ஆவில் முதல் வரிசையில் அமர்ந்து நம் ஊர் இமாமின் பயானைக் கேட்கலாம். அவருடைய உரை நமக்கு வேண்டும் என்றால், அடுத்த முறை அதற்கென விண்ணப்பித்து, அனுமதியோடு அழைப்போம். விசா என்பது வருபவருக்கும் இந்த நாட்டுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நம் மார்க்கம் வலியுறுத்தும் கடமை. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதும் கடமைதான். நல்ல சாப்பாடு போட்டு, சால்வை போர்த்தி, பிறகு அவரைக் காவல் நிலையத்தில் நிற்க வைப்பது கண்ணியம் ஆகாது. வந்தவர் வந்தது போலவே நிம்மதியாக விமானம் ஏறுவதுதான் விருந்தோம்பலின் நிறைவு.